கைத்தட்டல் வாங்காத வசதிகள்

மூன்றாக மடியும் போனை ஹுவாவே சீனாவுக்கு வெளியே முதன்முதலில் மேடையேற்றியது நம் கோலாலம்பூரில்தான், 2025 பிப்ரவரி 18-ஆம் தேதி. இங்கே அறிமுக விலை 14,999 ரிங்கிட். விரித்தால் 10.2 அங்குலத் திரை. மிக மெல்லிய இடத்தில் தடிமன் 3.6 மில்லிமீட்டர். விற்பனைக்கு வந்த பிறகு ஒரு காட்சியறையில் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு கீல் உள்பக்கமாகவும் மற்றது வெளிப்பக்கமாகவும் மடிகிறது. பக்கத்தில் நின்ற பையன் "மெதுவா அண்ணே, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பொறியியல் என்று பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் காசுக்கு ஒரு யமஹா ஒய்15 மோட்டார் சைக்கிள் வாங்கி, சாலை வரியும் காப்புறுதியும் கட்டி, மிச்சத்தில் நல்ல போன் ஒன்றும் வாங்கிவிடலாம். மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் வாங்குபவருக்கு அது கிட்டத்தட்ட ஒன்பது மாத உழைப்பு. கூகல் சேவைகளும் அதில் இல்லை. மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

எனக்குப் புதுக் கருவிகள் மேல் பைத்தியம் உண்டு. ஆப்பிளின் செப்டம்பர் அறிமுக விழா நம் நேரத்துக்கு நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குத் தொடங்கும்; மறுநாள் வேலை இருந்தாலும் விழித்திருந்து பார்க்கிற ரகம் நான். விடுமுறை கிடைத்தால் மின்னணுக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவில் ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்குவேன், ஒன்றும் வாங்காமலே. அப்படிப்பட்ட நான் சொல்கிறேன்: சில ஆண்டுகளாக மேடையில் கைத்தட்டல் வாங்கிய எதுவும் என் அன்றாடத்தைப் பெரிதாக மாற்றவில்லை. மாற்றியவை எல்லாம் விழாவில் அரை நிமிடத்தில் கடந்துபோனவை, அல்லது மேடைக்கே வராதவை.

என் அம்மாவின் வாழ்க்கையில் புகுந்த பெரிய தொழில்நுட்பம் எது தெரியுமா? ஒரு அட்டையில் அச்சடித்து பிளாஸ்டிக் உறை போட்ட இளஞ்சிவப்பு டூயிட்நௌ கியூஆர். 2019-இல் வந்தது. எந்த வங்கியின் ஆப்பாக இருந்தாலும், எந்த மின்பணப்பையாக இருந்தாலும், அந்த ஒரே கட்டத்தை ஸ்கேன் செய்து பணம் கட்டிவிடலாம். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் அப்பம் பாலிக் விற்பவரும் வைத்திருக்கிறார், பிரிக்பீல்ட்ஸில் பூ கட்டுபவரும் வைத்திருக்கிறார். சில்லறைக்காக அம்மா கைப்பையைத் துழாவுவது நின்றுவிட்டது. அதற்கு விலை உயர்ந்த போன் தேவையில்லை. வங்கி ஆப் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த "அவ்வளவுதான்" இருக்கிறதே, அங்கேதான் சிக்கல். நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில், குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி என்ற ஒருமுறைக் கடவு எண்ணை விட்டுவிட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி வங்கிகளிடம் சொன்னது. இப்போது பணம் அனுப்ப ஒப்புதல் கொடுப்பது ஆப்புக்குள்ளேயே நடக்கிறது, அதுவும் பதிவு செய்த ஒரே போனில். புதுப் போனில் பதிவு செய்தால் பல மணி நேரம் காத்திருக்கவும் வேண்டும். மோசடிக்காரர்களின் தொல்லையைப் பார்க்கும்போது இந்தக் கெடுபிடி சரிதான். ஆனால் பழைய ஆண்ட்ராய்டு என்றால் ஒரு நாள் அந்த ஆப் திறக்கவே மறுக்கும். போன் நன்றாகத்தான் இருக்கும், திரையில் கீறல்கூட இருக்காது, ஆனால் பணம் கட்ட முடியாது.

இதனால்தான், கடந்த சில ஆண்டுகளில் போன் உலகில் நடந்த மிக நல்ல காரியம் எது என்று கேட்டால் மென்பொருள் புதுப்பிப்பின் ஆயுள் நீண்டதைத்தான் சொல்வேன். கூகல் 2023 அக்டோபரில் பிக்சல் 8-க்கு ஏழு ஆண்டு என்றது. சாம்சங் 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24-க்கு அதையே சொன்னது. முன்பு இரண்டு, மூன்று ஆண்டுகளில் கைகழுவிவிடுவார்கள். அதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. போனுக்குள் இருக்கும் சிப்பை ஒருவர் செய்கிறார், ஆண்ட்ராய்டை இன்னொருவர், போனை மூன்றாமவர். சிப் செய்தவர் தன் பங்கு மென்பொருளைப் புதுப்பிப்பதை நிறுத்தினால் போன் நிறுவனத்தின் கையும் கட்டப்பட்டுவிடும். 2017-இல் கூகல் கொண்டுவந்த டிரெபிள் என்ற மாற்றம், சிப் சார்ந்த அடுக்கை ஆண்ட்ராய்டிலிருந்து பிரித்து வைத்தது. இன்றைய ஏழு ஆண்டுக்கு அஸ்திவாரம் அப்போது போட்டதுதான். அதற்கு யார் கைத்தட்டினார்கள்?

எஸ்24-ஐவிட எனக்குப் பெரிதாகப் பட்டது 2024 கடைசியில் வந்த கேலக்ஸி ஏ16 5ஜி. மலிவு ரகம், கேமரா சுமார், வேகமும் சுமார். ஆனால் ஆறு ஆண்டுப் புதுப்பிப்பு. நம் வீடுகளில் போன் ஒரே ஆளிடம் ஆயுளை முடிப்பதில்லை. அண்ணன் வாங்குவார், இரண்டு வருடத்தில் அம்மாவுக்குப் போகும், அப்புறம் அக்கா மகன் பள்ளிப் பாடத்துக்கு வைத்துக்கொள்வான். மூன்றாவது கைக்கு வரும்போதும் அதில் வங்கி ஆப் ஓடும் என்றால், அது ஆயிரக்கணக்கான ரிங்கிட் மிச்சம்.

அடுத்தது வெயில். யூடியூபில் போனை விமர்சிப்பவர்களில் பெரும்பாலோர் குளிர்ந்த ஊர்க்காரர்கள், அல்லது குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பவர்கள். ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையுள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிளே வெளியிடும் குறிப்பு. கோலாலம்பூரில் மதியம் 33, 34 டிகிரி என்பது யாரும் பேசக்கூட எடுத்துக்கொள்ளாத சாதாரண நாள். அதாவது நிழலில் நிற்கும்போதே நாம் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். காரின் டேஷ்போர்டில் வெயில் படும்படி வைத்தால் கேட்கவே வேண்டாம்: திரை மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும், கடைசியில் "சூடாகிவிட்டது, ஆறட்டும்" என்று ஒரு அறிவிப்பு வரும், சரியாக நீங்கள் எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்று பார்க்கும் நேரத்தில்.

உணவு விநியோகம் செய்யும் பையன்களை நினைத்துப் பாருங்கள். ஜாலான் துன் ரசாக்கில் எந்த மதியமும் அவர்களைப் பார்க்கலாம். மோட்டார் கைப்பிடியில் போன். வரைபடம் ஓடுகிறது, டேட்டா ஓடுகிறது, மோட்டாரிலிருந்தே சார்ஜும் ஏறுகிறது, மேலே நேர் வெயில். இந்த நான்கும் சேர்ந்து ஒரு போனை எப்படி வதைக்கும் என்று எந்த ஆய்வகமும் மேடையில் காட்டியதில்லை. அவர்களாகவே ஒரு தீர்வு கண்டுபிடித்திருக்கிறார்கள்: போனுக்கு மேல் குட்டிக் குடை. உள்ளங்கை அளவுதான், போனுக்கு மட்டும் நிழல். எனக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வராது, மரியாதைதான் வரும்.

வெயிலோடு அதிர்வும் உண்டு. 2021 செப்டம்பரில் ஆப்பிள் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது: அதிக சக்தியுள்ள மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு கைப்பிடி வழியாகப் போனுக்கு வந்தால் கேமராவின் தரம் காலப்போக்கில் கெடலாம். கை ஆடினாலும் படம் ஆடாமல் இருக்க, கேமராவின் வில்லையைக் காந்தங்கள் நொடிக்கு நொடி நகர்த்திச் சரிசெய்கின்றன. ஓயாத அதிர்வு அந்த நுட்பத்தைத்தான் பதம்பார்க்கிறது. சிறிய மோட்டார்களில் வைப்பதாக இருந்தாலும் அதிர்வு தாங்கும் பிடிப்பான் போடச் சொல்கிறார்கள். கப்சாய் என்ற சிறிய மோட்டார் ஓட்டும் தம்பிமார்களே, கேமராவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, பிடிப்பானுக்குப் பத்து ரிங்கிட்டோடு முடித்துக்கொள்ளாதீர்கள்.

சூட்டுக்கு அதிகம் பலியாவது பேட்டரி. லித்தியம் பேட்டரிக்குச் சூடும் ஆகாது, 100 விழுக்காடு நிரம்பியபடியே நெடுநேரம் கிடப்பதும் ஆகாது. இரண்டும் சேர்ந்தால் சீக்கிரம் கிழடு தட்டும். 2023-இல் ஐபோன் 15-இல் 80 விழுக்காட்டோடு சார்ஜை நிறுத்தும் ஒரு தெரிவு வந்தது. சாம்சங்கிலும் இப்படி ஒன்று இருக்கிறது. என் பார்வையில் நம் ஊருக்கென்றே செய்த வசதி. ஆனால் அது அமைப்புகளுக்குள் ஆழத்தில் ஒளிந்திருக்கிறது, தேடிப்போனால்தான் கிடைக்கும். டிஆர்எக்ஸ் பேரங்காடியில் 2024 ஜூன் 22-இல் நாட்டின் முதல் ஆப்பிள் கடை திறந்தபோது ஊரே புதுப் போன்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. எனக்கு மகிழ்ச்சி தந்தது பழுது பார்க்கும் மேசைதான். பேட்டரி மாற்ற நிறுவனத்தின் சொந்த இடம் ஒன்று வந்துவிட்டதே.

பேட்டரியில் உண்மையான முன்னேற்றமும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. எதிர்மின்வாயில் வழக்கமான கிராஃபைட்டுக்குப் பதில் சிலிக்கான் கலந்தால் அதே அளவில் அதிக மின்சாரம் சேமிக்கலாம். சிலிக்கான் சார்ஜ் ஏறும்போது உப்பும். அதை அடக்க கார்பனோடு கலக்கிறார்கள். 2023-இல் ஹானர் தன் மேஜிக்5 புரோவின் சீனப் பதிப்பில் இதைக் கொண்டுவந்தது. இப்போது சீன நிறுவனங்களின் நடுத்தர விலைப் போன்களிலேயே 6,000, 7,000 மில்லிஆம்பியர்-மணி கிடைக்கிறது. சாம்சங் என்ன செய்கிறது? 2020-இன் எஸ்20 அல்ட்ராவில் 5,000. 2025-இன் எஸ்25 அல்ட்ராவிலும் அதே 5,000. ஆப்பிள் இன்னொரு திசையில் போய் 5.6 மில்லிமீட்டரில் ஐபோன் ஏர் செய்து அதில் 3,149 வைத்தது. சாம்சங்கின் எஸ்25 எட்ஜும் அதே வழி, 5.8 மில்லிமீட்டர். இவ்வளவு மெலிந்த போனை யார் கேட்டார்கள்? வாங்கிய அன்றே உறை போட்டு மூடுகிற ஊர் இது.

கேபிள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் போன்களுக்கு யுஎஸ்பி-சி கட்டாயம் என்று சட்டம் போட்டது. ஆப்பிள் முந்திக்கொண்டு 2023-லேயே மாறியது. இப்போது எங்கள் வீட்டில் போன், காதொலிக்கருவி, டேப்லெட் எல்லாவற்றுக்கும் ஒரே கேபிள். 2025 ஜூன் 20 முதல் அங்கே இன்னொரு விதியும் நடப்பில் இருக்கிறது: விற்பனை நிறுத்திய பிறகும் ஐந்தாண்டு புதுப்பிப்பு தர வேண்டும், 800 முறை சார்ஜ் ஏறிய பிறகும் பேட்டரி 80 விழுக்காடு தாங்க வேண்டும். சட்டம் அவர்களுடையது, ஆனால் நமக்கென்று தனியாக மட்டமான போன் செய்வது நிறுவனங்களுக்கே செலவு. ஐரோப்பியர்களுக்கு நன்றி சொல்ல நம் பாட்டன் முப்பாட்டனுக்குக் காரணம் ஒன்றும் இருந்திருக்காது. எனக்கு இது கிடைத்திருக்கிறது.

சரி, ஏஐக்கு வருவோம். அதைப் பேசாவிட்டால் விடமாட்டீர்கள்.

2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் கோபைலட் பிளஸ் கணினிகளை அறிவித்தது. உள்ளே ஏஐக்கென்றே ஒரு தனிப் பகுதி, நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகளாவது போடக்கூடியது. அதன் முதன்மைக் கவர்ச்சி ரீகால்: நீங்கள் திரையில் பார்ப்பதையெல்லாம் சில நொடிக்கு ஒருமுறை படம் பிடித்து வைத்து, பின்னால் தேடித் தரும். பாதுகாப்பு ஆய்வாளர்கள் கூச்சல் போட்டதும் ஜூனில் தள்ளிவைத்தார்கள். 2025 ஏப்ரலில்தான் வந்தது, விருப்பப்பட்டால் மட்டும் என்ற நிபந்தனையோடு. ஆப்பிள் கதையும் அழகில்லை. நம் தகவல்களை அறிந்து பேசும் குரல் உதவியாளர் சிரியை 2024 ஜூனில் காட்டினார்கள், செப்டம்பரில் ஐபோன் 16-ஐ அந்த வாக்குறுதியோடு விற்றார்கள், 2025 மார்ச்சில் தாமதமாகும் என்றார்கள். செய்தி அறிவிப்புகளைச் சுருக்கித் தரும் வசதி பொய்த் தலைப்புகளைத் தந்ததால் பிபிசி புகார் செய்தது. 2025 ஜனவரியில் செய்தி ஆப்களுக்கு அதை நிறுத்திவைத்தார்கள். கடையில் இல்லாத சாமானைச் சுவரொட்டியில் காட்டி விற்கலாமா?

அதற்காக ஏஐ எல்லாமே வெட்டி என்று சொல்லமாட்டேன். அம்மா தமிழில் பேசி வாட்ஸ்அப்பில் பெரியம்மாவுக்கு அனுப்புகிறார். கூகல் விசைப்பலகையில் தமிழ்க் குரல் தட்டச்சு 2017-லேயே வந்துவிட்டது. கூகலின் பேச்சுணர்தல் சேவையில் மலேசியத் தமிழுக்குத் தனி இடமே உண்டு. மலாயும் ஹொக்கியனும் கலந்த நம் பேச்சில் அது அவ்வப்போது தடுமாறும். அம்மா திருத்தமாட்டார், அப்படியே அனுப்பிவிடுவார். பெரியம்மாவும் புரிந்துகொள்வார். அம்மாவுக்கு இதன் பெயர் ஏஐ என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. தட்டித்தான் எழுதுவேன் என்பவர்களுக்கு ஐபோனில் அஞ்சல் விசைமுகம் இருக்கிறது. அது 1985-இல் முரசு அஞ்சலைத் தொடங்கிய நம் நாட்டு முத்து நெடுமாறனின் கைவண்ணம். அதற்கும் எந்த அறிமுக விழாவிலும் மேடை கிடைக்கவில்லை.

இன்னொன்று, இந்த நகரத்தில் எல்லோரும் இன்றே செய்ய வேண்டியது. சாலையோரம் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மோட்டாரில் வந்து பறித்துக்கொண்டு போவது இங்கே புதிதில்லை. ஆண்ட்ராய்டில் 2024-இல் திருட்டைக் கண்டறிந்து பூட்டும் வசதி வந்தது. முதலில் பிரேசிலில் சோதித்தார்கள். கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கி வேகமாக நகரும் அசைவைப் போனின் உணரிகள் கண்டுகொண்டு திரையைப் பூட்டிவிடும். ஆண்ட்ராய்டு 10 முதல் வேலை செய்யும். ஆனால் நாமே அமைப்புகளில் போய் திருட்டுப் பாதுகாப்பைத் தேடி ஆன் செய்ய வேண்டும். தங்கள் வங்கி, மின்பணப்பை, ஓட்டுநர் உரிமம் எல்லாம் போனுக்குள் வைத்திருக்கிறவர்களில் எத்தனை பேர் செய்திருக்கிறார்கள்? ஐபோன்காரர்களுக்கு 2024 ஜனவரியில் வந்த 17.3 பதிப்பிலிருந்து அதன் வழியில் ஒரு திருட்டுப் பாதுகாப்பு இருக்கிறது.

கோபம் வரும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் இன்டெல்லின் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய சிப், கூடவே டிபிஎம் 2.0 பாதுகாப்பு. ஏழாம் தலைமுறை மடிக்கணினி எவ்வளவு நன்றாக ஓடினாலும் முறைப்படி பெரும்பாலும் இடமில்லை. இன்டெல் 1972-இல் பினாங்கில் ஆலை தொடங்கியது முதல் அங்கே எத்தனையோ சிப்கள் கோக்கப்பட்டு, முதுகில் மலாய் என்ற ஆங்கில முத்திரையோடு போயிருக்கின்றன. நம் ஆட்களின் கைபட்ட, இன்னும் உயிரோடு இருக்கும் அந்தச் சிப்களைத்தான் குப்பைக்கு அனுப்பச் சொல்கிறார்கள். வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்பு பெற வழி உண்டு, அதற்குப் பிறகு? செந்தூலில் டியூஷன் நடத்தும் அக்காவின் பழைய மடிக்கணினிகளில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டுக் கொடுத்தேன். பிள்ளைகள் கேட்ட ஒரே கேள்வி, "குரோம் எங்கே மாமா?"

கடைசியாக, வாங்கும் இடத்தில் கவனிக்க வேண்டியவை. இங்கே எந்தக் கடைக்குப் போனாலும் முதல் கேள்வி, "பாஸ், ஏபி செட்டா, மலேசியா செட்டா?" ஏபி செட் என்றால் நிறுவனத்தின் அதிகாரபூர்வ வழியில் வராமல் வியாபாரிகளே வெளிநாட்டிலிருந்து இறக்கியது; விலை குறைவு, ஆசையாக இருக்கும். ஆனால் உத்தரவாதம் அந்தக் கடையோடு சரி. அமெரிக்காவிலிருந்து வந்த ஐபோன் 14-இலும் அதற்குப் பிந்தியவற்றிலும் சிம் தட்டே கிடையாது. ஜப்பான் செட்டில் படம் எடுக்கும்போது வரும் சத்தத்தை அடக்க முடியாமல் திண்டாடுபவர்கள் உண்டு. சீனாவுக்கென்று செய்த போனில் கூகல் ஒழுங்காக இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பார்த்துவிட வேண்டும். எங்கள் மச்சான் ஒரு கடையில் "ஒரிஜினல் செட்" என்று சொல்லிக் கொடுத்ததை வாங்கிவந்தார்; பெட்டியில் சிரிம் என்ற தரச்சான்று முத்திரையைக் காணோம். திருப்பி எடுக்கவைக்க அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.

ஏழு ஆண்டு, ஆறு ஆண்டு என்று மேலே சொன்னேனே, அது நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஓடாது. அந்த மாடல் முதன்முதலில் வெளிவந்த நாளிலிருந்து ஓடும். நவம்பர் 11-இல் நடக்கும் 11.11 விற்பனையிலும் தீபாவளித் தள்ளுபடியிலும் போன வருடத்து, அதற்கு முந்தின வருடத்து மாடல்கள்தான் பாதி விலைக்கு வந்து குவியும். எஸ்24-ஐ எப்போது வாங்கினாலும் கணக்கு 2031 ஜனவரியோடு முடிந்தது. அதனால் பேரம் பேசும்போது நான் கடைக்காரரிடம் கேட்பது வெளிவந்த மாதமும் வருடமும். பாக்கி ஆண்டுகளால் விலையை வகுத்துப் பாருங்கள். சில நேரம் தள்ளுபடியில்லாத ஏ16 போன்ற புது மலிவு ரகப் போன், தள்ளுபடியில் கிடைக்கும் பழைய பெரிய போனைவிட வருடத்துக்கு நூறு இருநூறு ரிங்கிட் மலிவாக வரும். கடைக்காரருக்கு அந்தத் தேதி பெரும்பாலும் தெரியாது. அவரும் தன் போனை எடுத்துத் தேடித்தான் சொல்வார்.